பழைய வானூர்திகளை மீண்டும் பறக்கவிடுதல்: கையாளுகைக் குறைகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

பல ஆண்டுகள் பறக்காமல் கிடந்த வானூர்தியைப் பழுதுநீக்கி, மீண்டும் பறக்கும் தகுதிக்குக் கொண்டுவருவது வானூர்தி மீட்டமைப்பு எனப்படும். எஞ்சினை ஓடச் செய்வதும் புதிய வண்ணம் பூசுவதும் இப்பணியில் எளிதில் கண்ணில் படுபவை. அந்த வானூர்தி விமானியின் கைக்கு எவ்வாறு அடங்குகிறது என்பது பறந்து பார்த்த பின்னரே முழுமையாகத் தெரியவரும். நேராகச் செல்லவேண்டிய வானூர்தி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகலாம். மூக்கு ஓயாமல் மேலே எழலாம். தரையிறங்கியதும் ஓடுபாதையை விட்டு விலகி ஓடலாம். இவ்வாறான இடர்கள் கையாளுகைக் குறைகள் எனப்படுகின்றன.

காய்ச்சல் உடலில் உள்ள நோயைக் காட்டும் அறிகுறியாக இருப்பது போல, கையாளுகைக் குறையும் வானூர்தியில் எங்கோ இருக்கும் வேறொரு கோளாற்றைக் காட்டும் அறிகுறியாகும். அறிகுறியை மட்டும் அடக்கிவிட்டுக் காரணத்தை விட்டுவிட்டால், அது பின்னொரு நாள் உயிரிழப்பில் முடியலாம். எனவே காரணத்தை அளந்து கண்டறிந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்துவதே இத்துறையின் அடிப்படை முறையாகும்.

இந்தியாவில் மீண்டும் பறந்த பழைய வானூர்திகள்

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு புஸ் மாத் வானூர்தியில் அஞ்சல் கொண்டுவந்தார். பம்பாயிலிருந்து சென்னைக்கு அதனை நெவில் வின்சென்ட் ஓட்டிவந்தார். இதன் பொன்விழாவாக 1982 அக்டோபர் 15 அன்று, தம் 78ஆம் வயதில், டாட்டா மீண்டும் கராச்சியிலிருந்து பம்பாய்க்குப் பறந்தார். அப்போது அவர் ஓட்டியது 1930களைச் சேர்ந்த லெப்பர்டு மாத் வகை வானூர்தியாகும்.

இந்திய வான்படையும் பழைய வானூர்திகளைப் பறக்கும் நிலையில் பேணிவருகிறது. மீட்டமைக்கப்பட்ட டைகர் மாத் ஒன்று 2012 அக்டோபர் 8 அன்று, வான்படை நாள் அணிவகுப்பில், இண்டன் வான்படைத் தளத்தில் பறந்தது. 1944இல் கட்டப்பட்ட டகோட்டா ஒன்றை ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, பிரித்தானியாவில் மீட்டமைக்கச் செய்து, வான்படைக்கு அன்பளிப்பாக அளித்தார். அது 2018 ஏப்ரலில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து புறப்பட்டுப் பல நாடுகளில் இறங்கி இந்தியா வந்தது. அதே ஆண்டு மே 4 அன்று இண்டனில் வான்படையில் சேர்க்கப்பட்டது. 'பரசுராமா' எனப் பெயரிடப்பட்ட இதற்கு விபி 905 என்னும் எண் கொடுக்கப்பட்டது. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவினரை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய டகோட்டாவின் எண் அது.

டைகர் மாத் மரத்தாலும் துணியாலும் ஆன இறக்கைகளையும் எஃகுக் குழாய்ச் சட்டத்தையும் கொண்ட இரட்டையடுக்கு வானூர்தி. டகோட்டா உலோகத்தால் ஆனது. ஆயினும் அதன் அசையும் கட்டுப்பாட்டுத் தகடுகள் துணி போர்த்தப்பட்டவை. இவ்விரண்டும் மிகவும் வேறுபட்டவையாக இருந்தாலும், மீட்டமைப்பின்போது கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டிற்கும் பெரும்பாலும் ஒன்றே.

மூன்று அச்சுகள்

வானூர்தி மூன்று அச்சுகளைப் பற்றித் திரும்புகிறது. இடவலமாகச் சாய்வது உருளல். இதனை இறக்கை ஓரங்களில் உள்ள ஏலரான்கள் கட்டுப்படுத்துகின்றன. மூக்கு மேலும் கீழும் அசைவதைக் கிடைவாலின் பின்னுள்ள எலிவேட்டர் கட்டுப்படுத்துகிறது. மூக்கு இடவலமாகத் திரும்புவதைச் செங்குத்து வாலின் பின்னுள்ள சுக்கான் கட்டுப்படுத்துகிறது. விமானியின் கையில் உள்ள கோல் முதல் இரண்டையும், காலடியில் உள்ள மிதிகள் சுக்கானையும் இயக்குகின்றன. பழைய சிறு வானூர்திகளில் இவை கம்பி வடங்கள், கப்பிகள், தண்டுகள் வழியாக நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும்.

ஒரு குறையை ஆராயும்போது அது எந்த அச்சைச் சார்ந்தது, எந்த வேகத்தில் தோன்றுகிறது, எஞ்சின் விசையைக் கூட்டினால் மாறுகிறதா என்ற மூன்றையும் முதலில் குறித்துக்கொள்ளவேண்டும். "ஒரு மாதிரி இழுக்கிறது" என்று மட்டும் எழுதினால் பொறியாளருக்குப் பயன் இல்லை. "சமமட்டப் பறப்பில் இடப்பக்கம் சாய்கிறது, வேகம் கூடக்கூடக் கோலில் அழுத்தமும் கூடுகிறது" என்று எழுதினால் தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

அளவுக் கருவிகளைச் சரிபார்த்தல்

வானூர்தியைக் குறை சொல்லுமுன் அதன் கருவிகள் உண்மை சொல்கின்றனவா என்று பார்க்கவேண்டும். வேகமானி, முன்னோக்கியிருக்கும் பிட்டோ குழாயில் வரும் காற்றழுத்தத்தையும், சுற்றுப்புறக் காற்றின் நிலை அழுத்தத்தையும் ஒப்பிட்டு வேகத்தைக் காட்டுகிறது. பிட்டோ குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் வேகம் குறைவாகக் காட்டப்படும். அப்போது விமானி, "குறிப்பேட்டில் சொன்னதைவிடக் குறைந்த வேகத்திலேயே வானூர்தி தரையை விட்டு எழுகிறது" என்று வியப்பார். உண்மையில் வானூர்தி சரியாகவே இருக்கும், கருவியே பிழை.

நெடுநாள் நின்றிருக்கும் வானூர்தியில் குளவிகள் இக்குழாய்க்குள் மண்ணை வைத்துக் கூடுகட்டிவிடும். இது சிறு செய்தியன்று. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசில் பர்கனேர் நிறுவனத்தின் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். விமானியின் பக்கத்து வேகமானி பொய்யான வேகத்தைக் காட்டியதும், அதனால் விமானிகள் குழம்பியதுமே அதற்குக் காரணம். பிட்டோ குழாய் அடைபட்டிருந்ததாகவும், குளவிக் கூடு அடைப்பாக இருந்திருக்கலாம் என்றும் கருதப்பட்டது. அவ்வானூர்தி அதற்கு முன் சில வாரங்கள் பறக்காமல் நின்றிருந்தது.

வெப்பநிலையையும் கணக்கில் கொள்ளவேண்டும். குறிப்பேடுகளில் உள்ள அளவுகள் பெரும்பாலும் கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியசுக்கு உரியவை. புதுக்கோட்டை போன்ற சமவெளியில் கோடை நண்பகலில் 40 பாகை வெப்பம் இருந்தால், காற்றின் அடர்த்தி சுமார் 8 விழுக்காடு குறைந்துவிடும். இறக்கைக்கும் சுழல்விசிறிக்கும் எஞ்சினுக்கும் கிடைக்கும் காற்று அந்த அளவு மெலிந்துவிடுகிறது. ஓடுபாதையில் கூடுதல் தொலைவு ஓடுவதும், மெதுவாக ஏறுவதும் அப்போது இயல்பே, குறை அன்று. இதனாலேயே முதற்சோதனைகள் அதிகாலையில், காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும்போது நடத்தப்படுகின்றன.

எடையும் ஈர்ப்பு மையமும்

மூக்கு மேலும் கீழும் அசைவது தொடர்பான குறைகளுக்கு முதலில் ஐயப்படவேண்டியது ஈர்ப்பு மையம். மீட்டமைப்பில் துணி, வண்ணம், ஒட்டுப்பலகை, வானொலி, மின்கலம் எனப் பலவும் மாற்றப்படுவதால், பழைய எடைத்தாளை நம்ப இயலாது. வானூர்தியைப் பறக்கும் மட்டத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் எடைமேடை வைத்து மீண்டும் நிறுக்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு சிறிய வானூர்தியின் இடச் சக்கரம் 228 கிலோ, வலச் சக்கரம் 230 கிலோ, வால் சக்கரம் 42 கிலோ காட்டுகின்றன எனக் கொள்வோம். மொத்தம் 500 கிலோ. வால் சக்கரம் முன்சக்கர அச்சிலிருந்து 5 மீட்டர் பின்னே உள்ளது. பள்ளியில் படிக்கும் திருப்புத்திறன் கணக்கின்படி, 42 × 5 = 210. இதனை 500ஆல் வகுக்க 0.42 மீட்டர் வருகிறது. அதாவது ஈர்ப்பு மையம் முன்சக்கர அச்சுக்கு 42 சென்டிமீட்டர் பின்னே உள்ளது.

இப்போது வாலைப் பழுதுபார்க்கும்போது 4 கிலோ கூடிவிட்டது எனக் கொள்வோம். வால் 46 கிலோ, மொத்தம் 504 கிலோ. 46 × 5 = 230; இதனை 504ஆல் வகுக்க 0.456 மீட்டர். நான்கு கிலோவால் ஈர்ப்பு மையம் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் பின்னே போய்விட்டது. இதனைப் பழைய இடத்திற்குக் கொண்டுவர, முன்சக்கர அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னே சுமார் 13 கிலோ ஈயம் வைக்கவேண்டியிருக்கும். வாலில் வண்ணப்பூச்சைக் கூட அளந்து பூசுவதன் காரணம் இதுவே.

ஈர்ப்பு மையம் முன்னே மிகுந்தால் கோல் கனமாகும். தரையிறங்கும்போது மூக்கை உயர்த்த எலிவேட்டர் போதாமல் போகலாம். பின்னே மிகுந்தால் கோல் மிக இலேசாகும். வானூர்தி தானாகச் சமநிலைக்குத் திரும்பாது. சுழன்று விழத் தொடங்கினால் மீட்பது கடினமாகும். இவ்விரண்டில் பின்னது கொடியது. விமானிக்குத் தொடக்கத்தில் அது 'எளிதாகப் பறப்பது' போலத் தோன்றுவதும் அதன் ஆபத்தைக் கூட்டுகிறது.

ஒரு பக்கம் சாய்தல்

மீட்டமைக்கப்பட்ட வானூர்தியில் அடிக்கடி காணப்படும் குறை, ஓர் இறக்கை கனத்தது போலச் சாய்வதாகும். இதனை ஆராயுமுன் விமானி, சறுக்குமானியில் உள்ள குண்டு நடுவில் நிற்குமாறு சுக்கானை மிதிக்கவேண்டும். குண்டு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் வானூர்தி பக்கவாட்டில் சறுக்கிச் செல்கிறது என்று பொருள். சறுக்கலே சாய்வை உண்டாக்கும்; அப்போது குறை இறக்கையில் அன்று, வாலில் இருக்கக்கூடும்.

குண்டு நடுவில் நின்றும் சாய்ந்தால் காரணம் மூன்று வகைப்படும்.

முதலாவது, எடை வேறுபாடு. ஒரு பக்க எரிபொருள் தொட்டி நிறைந்தும் மற்றது குறைந்தும் இருக்கலாம். இந்த விசை வேகத்தால் மாறாது. வேகம் கூடும்போது ஏலரானின் ஆற்றல் கூடுவதால், வானூர்தியை நேராக நிறுத்தச் சிறிது அசைத்தாலே போதும். கோலில் தேவைப்படும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்.

இரண்டாவது, காற்றியக்க வேறுபாடு. ஓர் இறக்கை மற்றதைவிடச் சற்றே கூடுதல் கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கலாம்; பின்னோரம் வளைந்திருக்கலாம். இந்த விசை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும். எனவே வேகம் கூடக்கூடக் கோலைப் பிடித்திருக்கும் கை வலிக்கும்.

மூன்றாவது, எஞ்சினின் திருப்புவிசை. இது விசையைக் கூட்டும்போது மிகும், குறைத்தால் மறையும்.

ஆகவே, மெதுவாகவும் வேகமாகவும், விசையோடும் விசை குறைத்தும் பறந்து பார்த்தால், கருவி எதுவும் இன்றியே காரணத்தின் வகையை அறியலாம். டைகர் மாத்தில் எரிபொருள் தொட்டி மேல் இறக்கையின் நடுவில் ஒன்றே உள்ளது. அதனால் எரிபொருள் வேறுபாட்டை உடனே ஒதுக்கிவிட்டு, இறக்கைப் பொருத்தத்தைப் பார்க்கலாம்.

இரட்டையடுக்கு வானூர்திகளில் இறக்கைகளைக் கம்பிகளே இழுத்துப் பிடித்துள்ளன. பறக்கும்போது இறக்கையின் தூக்கு விசையைத் தாங்குபவை சில. தரையில் இறக்கையின் எடையைத் தாங்குபவை சில. இறக்கையின் கோணத்தை நிலைநிறுத்துபவை சில. இவற்றைச் சரிசெய்வது மிதிவண்டிச் சக்கரத்தில் போக்ஸ் கம்பிகளை முடுக்கிப் பெண்டு எடுப்பதைப் போன்றது. ஒன்றை முடுக்கினால் எதிரே உள்ளதைத் தளர்த்தவேண்டும். ஓர் இடத்தில் செய்த மாற்றம் வேறோர் இடத்தில் தோன்றும். இதற்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் கொத்தனாரிடமும் தச்சரிடமும் இருப்பவையே: நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம், அளவுநாடா, கோணமானி. மூக்கின் நடுப்புள்ளியிலிருந்து இரு இறக்கை முனைகளுக்கும், வாலின் நடுப்புள்ளியிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள தொலைவுகள் சமமாக இருக்கவேண்டும். சமமாக இல்லை என்றால் வானூர்தி தரையிலேயே கோணலாக நிற்கிறது என்பது உறுதி.

தூக்கு விசை இழப்பின்போது இறக்கை விழுதல்

வேகம் மிகக் குறைந்து இறக்கையின் தாக்குக் கோணம் மிகும்போது, காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டு விலகித் தூக்கு விசை சட்டெனக் குறையும். இது 'ஸ்டால்' எனப்படுகிறது. இரு இறக்கைகளும் ஒரே நேரத்தில் இந்நிலையை அடைந்தால் மூக்கு நேராகக் கீழே சாயும். ஒன்று முந்தினால் அப்பக்கம் விழும். அது சுழல் வீழ்ச்சியாக மாறலாம்.

டைகர் மாத்தின் மேல் இறக்கைகளில் முன்னோரச் சிறுதகடுகள் உள்ளன. வேகம் குறையும்போது இவை தாமாகத் திறந்து காற்றை மேற்பரப்போடு ஒட்டவைக்கும். துரு அல்லது வண்ணப்பூச்சால் ஒன்று ஒட்டிக்கொண்டு, மற்றது மட்டும் திறந்தால், மூடியிருக்கும் பக்கம் முதலில் விழும். தரையில் கையால் இழுத்துப் பார்த்தாலே இக்குறை தெரிந்துவிடும். ஆனால் பார்க்கத் தவறினால் அது தெரியவரும் இடம் வானமாகும்.

படபடப்பு

காற்றில் கொடி படபடப்பது போல, அசையும் தகடுகளும் குறிப்பிட்ட வேகத்தைக் கடந்தால் படபடக்கத் தொடங்கலாம். சில நொடிகளிலேயே தகடு பிய்ந்துபோகக்கூடும். இதைத் தவிர்க்கவே பல வானூர்திகளில் தகட்டின் கீலுக்கு முன்னே எதிர் எடை வைக்கப்படுகிறது. பழைய வண்ணத்தைச் சுரண்டாமல் மேலே மேலே பூசினால், கீலுக்குப் பின்னுள்ள எடை கூடி இச்சமன்பாடு கெடும். நீர் வடியும் துளைகள் அடைபட்டு உள்ளே மழைநீர் தேங்கினாலும் இதுவே நேரும். கீல்களில் தளர்வும், வடங்களில் இழுவிசைக் குறைவும் படபடப்புக்குத் துணைபோகும். எனவே வண்ணம் பூசிய பின் ஒவ்வொரு தகட்டையும் தனியே கீலில் தொங்கவிட்டுச் சமநிலையைச் சோதிப்பது கட்டாயமாகும். கோலில் மெல்லிய அதிர்வு தோன்றினால், "போகப் போகச் சரியாகும்" என்று விடாமல் உடனே வேகத்தைக் குறைக்கவேண்டும்.

தரையில் விலகி ஓடுதல்

வால்சக்கர வகை வானூர்திகளில் ஈர்ப்பு மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னே இருப்பதால், சிறிது திரும்பினாலும் வால் முந்திக்கொள்ள முயலும். இது இயல்பு. இதனைக் குறை என்று கொள்ளுமுன் எஞ்சின் சுழலும் திசையையும் நினைவில் கொள்ளவேண்டும். டைகர் மாத்தின் ஜிப்சி மேஜர் எஞ்சின், விமானி பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுழல்வதால், ஓடத் தொடங்கும்போது மூக்கு வலப்பக்கம் இழுக்கும். இந்தியப் பறத்தல் கழகங்களில் பரவலாகப் பயன்பட்ட எச்ஏஎல் புஷ்பக் வானூர்தியின் கான்டினென்டல் எஞ்சின் வலஞ்சுழியாகச் சுழல்வதால் இடப்பக்கம் இழுக்கும். ஒன்றில் பழகிய விமானிக்கு மற்றது குறையுள்ளதாகத் தோன்றக்கூடும்.

எஞ்சின் விசையைக் குறைத்த பின்னும் ஒரே பக்கம் இழுத்தால், சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக உள்ளனவா, ஒரு பக்கச் சக்கரம் இறுகியுள்ளதா, இரு டயர்களிலும் காற்று சமமாக உள்ளதா, வால்சக்கரத்தின் சுருள்வில் தளர்ந்துள்ளதா எனப் பார்க்கவேண்டும். டைகர் மாத்தின் மூல வடிவில் தடையும் இல்லை, வால்சக்கரமும் இல்லை. வாலில் ஒரு தேய்சட்டமே இருந்தது. அது புல்தரைக்கு உரியது. தார்ச்சாலை போன்ற ஓடுபாதையில் அது வேறுவிதமாக நடந்துகொள்வதை வானூர்தியின் குறை எனச் சொல்ல இயலாது.

மாறாகப் பொருத்தப்பட்ட கட்டுப்பாடுகள்

எல்லாவற்றினும் கொடியது, கட்டுப்பாட்டு வடங்களை இடம் மாற்றி இணைத்துவிடுவதாகும். கோலை இடப்பக்கம் சாய்த்தால் வானூர்தி வலப்பக்கம் உருளும். திருத்த முயலும் ஒவ்வொரு அசைவும் நிலைமையை மோசமாக்கும்.

1947 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் வுட்ஃபோர்டில் அவ்ரோ டியூடர் வானூர்தியின் மாதிரி ஒன்று, புறப்பட்ட சில நொடிகளில் விழுந்தது. ஏலரான் வடங்கள் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. லங்காஸ்டர் குண்டுவீச்சு வானூர்தியை வடிவமைத்த ராய் சாட்விக் அதில் இறந்தார்.

இது அக்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 2018 நவம்பர் 11 அன்று போர்த்துகலில் பெரும் பராமரிப்பு முடிந்து புறப்பட்ட ஏர் அஸ்தானா நிறுவனத்தின் எம்பிரேயர் 190 வானூர்தியிலும் ஏலரான் வடங்கள் மாறாக இணைக்கப்பட்டிருந்தன. அதில் ஆறு பேர் இருந்தனர். நெடுநேரம் போராடிய பின், விமானிகள் பேஜா விமானத் தளத்தில் அதனை இறக்கினர். உயிரிழப்பு நேரவில்லை.

புறப்படுமுன் செய்யும் எளிய சோதனை ஒன்று இத்தகைய பிழையைக் காட்டிக்கொடுக்கும். கோலை இடப்பக்கம் சாய்த்தால் இட ஏலரான் மேலே எழவேண்டும். வல ஏலரான் கீழே இறங்கவேண்டும். கோலை இழுத்தால் எலிவேட்டர் மேலே எழவேண்டும். 'தடையின்றி அசைகிறது' என்று பார்ப்பது மட்டும் போதாது. 'சரியான திசையில் அசைகிறது' என்று கண்ணால் பார்க்கவேண்டும். இவ்வேலையைச் செய்தவர் அல்லாத இரண்டாமவர் ஒருவர் தனியே சோதித்துக் கையொப்பமிடும் வழக்கம் இதனால் வந்ததாகும்.

சோதனைப் பறப்பு

தரையில் செய்யவேண்டிய அனைத்தும் முடிந்த பின்னரே பறப்பு. இந்தியாவில் குடிசார் வானூர்தி ஒன்று பறக்க, குடிசார் வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பறக்கும் தகுதிச் சான்று வேண்டும். உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் பணிகளுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிடவேண்டும்.

சோதனையில் பின்பற்றப்படும் நடைமுறைகள் வருமாறு:

• தேவைக்கு மேல் ஒருவரையும் ஏற்றிச்செல்லக் கூடாது. உரிமையாளரானாலும், மீட்டமைப்புக்கு உழைத்தவரானாலும் இது பொருந்தும்.

• முதலில் மெதுவாகத் தரையில் ஓட்டிப் பார்த்து, பின்னரே பறக்கவேண்டும்.

• முதற்பறப்பில் விமானத் தளத்தை விட்டு விலகக் கூடாது. எஞ்சின் நின்றாலும் திரும்பி இறங்கும் தொலைவிலேயே இருக்கவேண்டும்.

• ஸ்டால் சோதனையைப் போதிய உயரத்தில், மீட்க இடம் வைத்துச் செய்யவேண்டும்.

• தரையிறங்குமுன், அதே வேகத்தையும் நிலையையும் உயரத்தில் ஒருமுறை ஒத்திகை பார்க்கவேண்டும்.

• வேகத்தைச் சிறுசிறு படிகளாகக் கூட்டவேண்டும். ஒரே நாளில் உச்ச வேகத்தைத் தொட முயலக் கூடாது.

• ஒரு பறப்புக்கும் அடுத்த பறப்புக்கும் இடையில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யவேண்டும். மாற்றத்தையும் விளைவையும் உடனே எழுதிவைக்கவேண்டும்.

கடைசி விதி அறிவியல் ஆய்வகத்தில் மாணவர் கற்கும் விதியே. மூன்று மாற்றங்களை ஒருசேரச் செய்து குறை நீங்கினால், எது நீக்கியது என்று தெரியாது. அவற்றுள் ஒன்று புதிய குறையை உண்டாக்கி, மற்றொன்று அதனை மறைத்திருக்கவும் கூடும்.

மறைக்கும் திருத்தமும் மெய்யான திருத்தமும்

பல சிறு வானூர்திகளில் ஏலரானின் அல்லது சுக்கானின் பின்னோரத்தில், கையால் வளைக்கக்கூடிய சிறிய டிரிம் தகடு இருக்கும். சிறிய சாய்வை நீக்க அதனைச் சற்று வளைப்பது முறையான செயலே. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இறக்கைக் கம்பி தளர்ந்ததால் சாய்ந்த வானூர்தியை, டிரிம் தகட்டை வளைத்து நேராக்கினால், அது நேராகப் பறக்கும். கம்பி மேலும் தளர்ந்துகொண்டே இருக்கும். எச்சரித்துக்கொண்டிருந்த அறிகுறி மட்டும் அடங்கிவிடும்.

பழைய மர வானூர்திகளில் இது மேலும் கவலைக்குரியது. பால்புரதப் பசையால் ஒட்டப்பட்ட இணைப்புகள் ஈரத்தில் வலுவிழக்கும். பூஞ்சையும் கரையானும் மரத்தை உள்ளிருந்து அரிக்கும். மேலே போர்த்திய துணி புதிதாக மின்னும். நேற்று நேராகப் பறந்த வானூர்தி இன்று சாயத் தொடங்கினால், உள்ளே ஏதோ இடம்பெயர்ந்துள்ளது என்றே கொள்ளவேண்டும். அப்போது துணியை வெட்டித் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

உலோகப் பகுதிகளில் ஆபத்து உலோக அயர்வாகும். 2013 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோரம் ஒரு டைகர் மாத்தின் இட இறக்கைகள் வானிலேயே பிரிந்து, அதிலிருந்த இருவரும் இறந்தனர். கீழ் இறக்கைகளின் இணைப்புகளை உடற்பகுதியின் குறுக்கே பிணைத்திருந்த எஃகுத் தண்டுகள் அயர்வுக் கீறலால் முறிந்திருந்ததைப் புலனாய்வு கண்டது. அவை மூல உற்பத்தியாளரின் தண்டுகள் அல்ல. பின்னாளில் வேறிடத்தில் செய்யப்பட்ட மாற்றுப் பாகங்கள். பழைய வானூர்திக்கு மூலப் பாகங்கள் கிடைப்பது அரிது என்பதால், ஒவ்வொரு மாற்றுப் பாகமும் எங்கே, எவ்வாறு செய்யப்பட்டது என்பதைத் தேடி அறிவதும் மீட்டமைப்பின் பகுதியாகிறது.

பறக்காமல் நிறுத்துதல்

எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும் ஒரு குறையின் காரணம் தெரியவில்லை என்றால், வானூர்தியைப் பறக்கவிடாமல் நிறுத்துவதே சரியான முடிவாகும். பல ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் செலவழிந்த பின், விழா நாள் குறிக்கப்பட்டு விருந்தினரும் வந்துவிட்ட நிலையில், இம்முடிவை எடுப்பது எளிதன்று. ஆயினும் பொறியாளரின் கையொப்பத்திற்கு மதிப்பு வருவது, தேவையானபோது அவர் கையொப்பமிட மறுக்கக்கூடியவர் என்பதனால்தான். பறக்கத் தகுதியற்ற வானூர்தியும் வீணானதன்று. தில்லி பாலத்தில் உள்ள வான்படை அருங்காட்சியகம் போன்ற இடங்களில் நின்று, அது வரும் தலைமுறைக்குப் பாடம் சொல்லும்.

இப்பணியில் பயன்படும் அறிவியலில் பெரும்பகுதி பள்ளிப் பாடத்திலேயே உள்ளது. திருப்புத்திறன், அடர்த்தி, அழுத்தம், ஈர்ப்பு மையம், விசைகளின் சமநிலை ஆகியவற்றை நன்கு கற்ற மாணவர், ஒரு வானூர்தி ஏன் சாய்கிறது என்பதை விளக்கத் தொடங்கிவிடலாம். அத்துடன் அளந்ததை அளந்தவாறே எழுதும் பழக்கமும், தெரியாததைத் தெரியாது என்று குறிப்பேட்டில் எழுதும் நேர்மையும் சேர்ந்தால், அடுத்து அந்த வானூர்தியில் ஏறுபவர் பாதுகாப்பாகத் தரைக்குத் திரும்ப வழி ஏற்படும்.